உள்ளங்கைக்கு அடியில் மூன்று வரி

தெய்வசிகாமணி அந்தப் பச்சை ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பறந்துவிடும் என்று பயப்பட அங்கே காற்றும் இல்லை. திருச்சியில் அந்த எலும்பு ஆஸ்பத்திரியின் முதல் மாடி வராந்தாவில், காலை ஒன்பதரை மணிக்கு, தலைக்கு மேலே ஒரு ஃபேன் வேண்டாவெறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் மனுஷர் பிடியை விடுவேனா என்கிறார். ஃபைலுக்குள் ஆறு தாள். நாளைக் காலை மனைவி கமலவேணிக்கு முட்டி மாற்று ஆபரேஷன். கூட இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஐந்து தாள். ஆறாவது இவர் சட்டைப் பைக்குள் மடித்து வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கொள்ளிடக் கரைப் பக்கம் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தின் சேர்க்கைப் படிவம், கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து. பெயர், வயது, என்னென்ன மாத்திரை, எல்லாவற்றையும் முத்து முத்தாக நிரப்பியாகிவிட்டது. பிள்ளையின் கையெழுத்து மட்டும் பாக்கி. இருக்கிற ஒரே பிள்ளை, மகள் எழிலரசி, கீழே ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாங்கப் போயிருந்தாள். அவள் தலை மறைந்ததும் அந்தத் தாளை நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் சொருகிவிட்டார். அவசரமாக வருவாள், அவசரமாக ஆறு இடத்தில் கையெழுத்துப் போடுவாள், விஷயம் முடிந்தது. எழுபத்தைந்து வயதில் திருட்டு வேலைக்குக் கிளம்பியிருக்கிறார் பாருங்கள்.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் கமலவேணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாளா, சும்மா மூடியிருக்கிறாளா, நாற்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தும் இவருக்கு அது மட்டும் பிடிபட்டதே இல்லை. அந்த நாற்காலியைப் பார்த்தார். வாசலில் மூன்று நாற்காலி கிடந்தது. எழில் முதலில் தானே ஏறி உட்கார்ந்து, பிரேக்கை அமுக்கி, தரையைக் காலால் உந்திப் பார்த்து, இரண்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டு மூன்றாவதில்தான் அம்மாவை உட்காரவைத்தாள். இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? அவள் பையைத் திறந்தால் அதற்குள் ஒரு குடும்பமே இருக்கிறது. வெந்நீர் ஃபிளாஸ்க், கிழமை எழுதின மாத்திரைப் பெட்டி, நகவெட்டி, அடுத்தவர் தலையணையில் அம்மாவுக்குத் தூக்கம் வராது என்று வீட்டுத் தலையணை உறை ஒன்று, இடையில் திருத்துவதற்கு எட்டாம் வகுப்புக் கணக்குப் பேப்பர் ஒரு கட்டு. யாரிடமும் குரலை உயர்த்தமாட்டாள். லிஃப்ட்காரரிடம் ஒரு 'அண்ணே' போட்டாள், மூடப்போன கதவு அப்படியே நின்றது. எதிர்வீட்டு ஆரோக்கியசாமிக்கு நாலு பையன்கள். நாலு பேரும் நாலு தூண் மாதிரி இருப்பார்கள் என்று அவர் சொல்லாத நாள் இல்லை. மனுஷன் குளியலறையில் வழுக்கி விழுந்த அன்றைக்கு, யார் போவது என்று நாலு தூணும் போனில் பேசி முடிப்பதற்குள் எழில் ஆட்டோ பிடித்து, அவரைப் படுக்கவைத்து, எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டே போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். என் மகள், என் மகள் என்று தெருவெல்லாம் கத்த வேண்டும் போல இருந்தது அன்றைக்கு. கத்தவில்லை. பெருமையை வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று ஒரு பயம், அரசாங்கத்தில் அறிவியல் பேசிச் சம்பளம் வாங்கின ஆளுக்கு.

அந்தப் பெருமைதான் மூன்று வாரமாக முள்ளாகக் குத்துகிறது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எழில் உள்ளே அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள், அவள் போன் அடித்தது, இவர் எடுத்தார். கூட வேலை பார்க்கும் வளர்மதி டீச்சர். யார் எடுத்தது என்றுகூடப் பார்க்காமல் கொட்டித் தீர்த்தாள். "எழிலு, இந்தத் தடவையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துறாதடி. கோத்தகிரிப் பக்கம்தான் இடம் காலியா இருக்காம், இருந்துட்டுப் போகட்டுமே. ஹெட்மிஸ்ட்ரஸ்டி! ஏற்கெனவே ரெண்டு தடவை விட்டுட்ட." இவர் "சரிம்மா, சொல்றேன்" என்றார். அந்தப் பக்கம் போன் படக்கென்று கட்டானது. போனை வைத்த பிறகு ஏதோ மாத்திரை தேடுகிற சாக்கில் அவள் பையைத் துழாவினால், கடிதம் தயாராக இருக்கிறது. கொடுக்க வேண்டிய தேதிக்கு இன்னும் ஒரு மாசம் இருந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பதவி உயர்வைத் தற்காலிகமாகத் துறக்கிறேன். குடும்பச் சூழ்நிலை! மருமகன் மஸ்கட்டில், பேரன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். அப்படியென்றால் சூழ்நிலை யார்? இவரும் கமலவேணியும்தான். இரண்டு சூழ்நிலையும் வேளாவேளைக்கு இட்லி தின்றுகொண்டு, மகள் போய் உட்கார வேண்டிய நாற்காலியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் அவள் ஒரு கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்பி நிற்கிற நிற்பை இவர் ஒருமுறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அவள் ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்தப் பிறந்தவள். அடுத்த வாரமே பென்ஷன்தாரர் சங்கக் கூட்டம் என்று பொய் சொல்லி, இரண்டு பஸ் மாறி அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுத்தமாகத்தான் இருந்தது. இட்லிதான் கொஞ்சம் கல். அது பரவாயில்லை, சாம்பாரில் ஊறப்போட்டால் சரியாகிவிடும் என்று பஸ்ஸில் திரும்பும்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டவர், சமயபுரம் தாண்டும்போது ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் கையெழுத்து என்றால் சும்மாவா. வேறு எவனாவது இந்த வேலையைச் செய்தால் தகும், இவர் செய்யலாமா? முப்பத்திரண்டு வருஷம் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையில் ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்தவர். துறையூர் வட்டாரத்தில் இவர் அந்தத் துறையின் சின்னமான சிவப்பு முக்கோணம் வரையாத சுவர் இல்லை. முக்கோண சார் என்றுதான் பேரே. மேலே இருந்து ஆபரேஷனுக்கு இத்தனை ஆள் பிடி, அத்தனை ஆள் பிடி என்று நெருக்குவார்கள். மற்றவர்கள் சந்தைக்குப் போனவனை, சாராயம் குடித்தவனையெல்லாம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்த காலம் அது. இவர் மட்டும் படிவத்தை முழுக்கப் படித்துக்காட்டாமல் ஒருத்தனிடமும் கைநாட்டு வாங்கியதில்லை. 'அய்யா, இதுக்கு அப்புறம் பிள்ளை பிறக்காது. புரிஞ்சுதா? வீட்டுல கேட்டுட்டியா? கேக்கலையா, போ, கேட்டுட்டு நாளைக்கு வா.' இதனால் இரண்டு முறை மெமோ வாங்கினார், ஒரு இன்கிரிமென்ட் போச்சு. போனால் போகிறது மயிரு என்று இருந்தார். அந்த விஷயத்தில் இவர் ஒரு நெருப்பு. முகாமுக்கு எழிலையும் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். ஐந்தாம் வகுப்பிலேயே இவருக்குத் தொண்டை கட்டின நாட்களில் அவள் படிவத்தை எழுத்துக்கூட்டாமல் கணீரென்று வாசிப்பாள், வரிசையில் நிற்கிற ஆம்பளைகள் எல்லாம் வெட்கப்பட்டு வேட்டியை இறக்கிவிட்டுக்கொள்வார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் கையையே எழுதிக்கொடுத்த மாதிரி என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தது யார்? இந்த ஃபைலை இப்போது அமுக்கிப் பிடித்திருக்கிறாரே, இவர்தான்.

ஒருத்தனிடமும் வாங்கியதில்லை. சரி. ஒருத்தியிடம்? நினைப்பு எங்கே சுற்றினாலும் வந்து மாட்டிக்கொள்வது இந்த ஆணியில்தான். எண்பத்து நாலாம் வருஷம், எழிலுக்கு இரண்டு வயசு. ஒரு ஊர்க் கூட்டத்தில் இவர் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருக்கும்போது, முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருத்தன் எழுந்து, 'நீங்க பண்ணிக்கிட்டீங்களா சார்?' என்றான். கூட்டமே சிரித்தது. பொம்பளைகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சைக்கிளில் கூடவே வீடு வரைக்கும் வந்தது. ரோஷம், வேறொன்றுமில்லை. வெள்ளிக்கிழமை முகாமில் தானே போய்ப் படுப்பது என்று முடிவு. ஒரே குழந்தையோடா, நல்லா யோசிச்சீங்களா என்று டாக்டரே இரண்டு முறை கேட்டார். படிவத்தில் மனைவியின் சம்மதம் என்று ஒரு இடம். அதற்கு மேலே மூன்று வரி: என் கணவர் செய்துகொள்ளும் இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் எங்களுக்குக் குழந்தை பிறக்காது என்பதை அறிந்து, மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன். கமலவேணி அடுப்படியில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டால் அழுவாள், அவள் அம்மா காதுக்குப் போகும், பத்துப் பேர் பஞ்சாயத்துக்கு வருவார்கள். ஆபீஸ் காகிதம் ஒண்ணு, ஒரு கையெழுத்துப் போடு என்று நீட்டினார். அந்த மூன்று வரிமேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார். எங்க போடணும் என்று மட்டும் கேட்டாள். மாவுக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உருட்டி உருட்டி எழுதினாள், கமலவேணி என்று. பிறகு தெரிந்தபோது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொன்று பெத்துக்கக் கூடாதா என்று ஊரே கேட்டபோது, இவள் சிரித்துக்கொண்டே காப்பி ஆற்றிக்கொடுத்தாள். நாற்பத்தொரு வருஷமாக அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கை மட்டும் அன்றைக்கு அங்கே இல்லாதிருந்தால் எழிலுக்கு ஒரு தம்பி இருந்திருப்பான். இல்லை, ஒரு தங்கை. இப்போது ஒருத்தி மாடிக்கும் கீழுக்கும் ஓடும்போது இன்னொருத்தி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். காய்ச்சல் வந்த நாளில்கூட எழில் எழுந்து உலை வைக்க வேண்டியிருக்காது. சின்ன வயசில் தாயக்கட்டையைத் தனக்கு ஒரு தரம், எதிரில் இல்லாத ஆளுக்கு ஒரு தரம் என்று அவளே உருட்டி விளையாடுவாள். அந்த இல்லாத ஆளை ஜெயிக்கவும் விடுவாள். இவர் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். ஆனால் இல்லாத தம்பி ஆரோக்கியசாமி வீட்டுத் தூண் மாதிரி இருந்திருந்தால்? அது வேறு கதை. அதெல்லாம் கடவுளுக்குத்தான் வெளிச்சம். இவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அன்றைக்கு ஒரு கையெழுத்தால் அவளைத் தனியாக்கினார், இன்றைக்கு ஒரு கையெழுத்தால் அவளை விடுவித்துவிடலாம். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் கணக்கு டீச்சர் பார்த்தால் தப்பென்பாளோ? அவள் அழுதால் என்ன செய்வது? அழமாட்டாள், அவள் அழுது இவர் பார்த்தது கல்யாணத்தன்று மட்டும். கோபப்பட்டால்? படட்டும், கோத்தகிரிக்குப் போய்க் கோபப்படட்டும். அந்த மலைக்காற்றில், தன் பெயர் எழுதின மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, என் அப்பன் ஒரு கிறுக்கன் என்று திட்டட்டும். திட்டுவாளா? நாயே என்று ஒருமுறைகூட நாய்க்குட்டியைத் திட்டாதவள். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கும், ஒரு வாய் குடிக்கலாம். ஆனால் அவள் பையைத் தொடப் பயமாக இருந்தது.

"கமலவேணிக்குக் கூட வந்தவங்க யாருங்க? பெட்டு ரெடி, ஃபைலைக் குடுங்க, சீக்கிரம்" என்று நர்ஸ் வந்து நின்றாள். அதே நேரத்தில் படிக்கட்டில் எழில் தெரிந்தாள், கழுத்தெல்லாம் வேர்வை, கையில் ரிசல்ட். "சுகர் நார்மல்ப்பா, ஆபரேஷன் பண்ணலாமாம்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, ஃபைலை வாங்கி, தலைமுடியில் சொருகியிருந்த பேனாவை எடுத்தாள். முதல் தாள். விரலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனாள். "அம்மாவுக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்காது, இதுல போடவே இல்ல பாருங்க சிஸ்டர்" என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது. மறுபடி விரல். நர்ஸ் மணியைப் பார்த்தாள். மூன்றாவது. தெய்வசிகாமணி எட்டிப் பார்த்தார். அந்த விரல் இன்னும் ஒரே ஒரு தாள் தள்ளி இருக்கிறது. பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. "எல்லாத்தையும் நான் படிச்சுட்டேம்மா, நீ சும்மா போடு" என்றார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஜென்மத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது. எழில் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நாலாவதை இன்னும் மெதுவாகப் படித்து முடித்துப் புரட்டினாள். விரல் நின்றது. இவர் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஐந்தாம் வகுப்பில் முகாமில் நின்று வாசித்தாளே, அதே குரலில் வாசித்தாள். "மேற்படி முதியோர் இருவரையும் பராமரிக்கும் நிலையில் நான் இல்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்."

"இதுல 'நான்'ங்கறது யாருப்பா?"

அவர் ஒரு செருப்பை இன்னொன்றோடு சேர்த்து நேராக வைத்தார்.

"கேக்கறேன்ல? நானா?"

"உனக்கு அந்தக் கோத்தகிரி... வளர்மதி டீச்சரு போன்ல..."

"தெரியும். போன்ல பேசுனது நீங்கதான்னு அவ அன்னைக்கே பதறிப்போய்ச் சொல்லிட்டா. நீங்களாக் கேப்பீங்கன்னு மூணு வாரமாப் பாக்கறேன்." அவள் குரல் உடைந்தது. "ஊரான் வீட்டு ஆளுக்கெல்லாம் படிச்சுக் காட்டுனீங்க. வீட்டுல கேட்டுட்டு வா, கேட்டுட்டு வான்னு திருப்பி அனுப்பிச்சீங்க. எங்கிட்ட மட்டும் சும்மா போடுன்னா என்னப்பா அர்த்தம்? முடியலைன்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா? முடியாதப்ப சொல்லுவேன். எனக்கு வாய் இருக்கு."

நர்ஸ் நைஸாக இரண்டு அடி தள்ளி நின்று சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினாள்.

"விடுடி. எங்கிட்டயும் இப்படித்தான் வாங்குனாரு" என்றாள் கமலவேணி, கண்ணைத் திறக்காமல்.

தெய்வசிகாமணி சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "கமலம்... என்ன சொல்ற?"

"மாவாட்டறப்ப வந்து நீட்டுனீங்களே. கையை அகலமா விரிச்சு வெச்சுக்கிட்டு."

"உனக்கு... அது என்ன காகிதம்னு..."

"உங்க கை என்ன பலகையா? அஞ்சு விரலு. நடுவுல சந்து இருந்துச்சு. மூணு வரியையும் படிச்சுட்டுத்தான் போட்டேன்."

"படிச்சுட்டா போட்ட? அப்புறம் ஏண்டி ஒரு வார்த்தை..."

"இவளைப் பெக்கறப்பவே நான் செத்துப் பொழச்சேன். எனக்கும் ஒண்ணு போதும்னுதான் இருந்துச்சு. நீங்க வாயத் தொறந்து கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்." இப்போது கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "நாப்பது வருஷமா நீங்க கேக்கவே இல்ல."

மனுஷர் அழுதுவிட்டார். வராந்தா, நர்ஸ், எதிர் பெஞ்சில் கால்கட்டோடு இருந்த பையன், யாரையும் பார்க்கவில்லை. நாற்பத்தொரு வருஷம் சுமந்த பாரம். அதில் பாதி சுமையே இல்லை, மீதிப் பாதி கேட்காமல் விட்டது. இந்த இரண்டு பொம்பளைகளும் இவர் கேட்பார், கேட்பார் என்று காத்திருந்திருக்கிறார்கள். என்ன பொறுமை, என்ன நெஞ்சுரம்! இவர்களுக்கு நடுவில் இத்தனை வருஷம் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறோமே என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது, தலைகால் புரியாத பெருமையாகவும் இருந்தது. எழில் பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினாள். முகத்தைத் துடைத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய முக்கோண சார் முகாமில் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"எழிலு. இப்பக் கேக்கறேன். உனக்குப் போகணும்னு இருக்கா?"

எழில் பேனாவை மூடினாள், திறந்தாள்.

"இருக்குப்பா. ரொம்ப இருக்கு." அந்தப் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "உங்களை விட்டுட்டு இல்ல, கூட்டிக்கிட்டு. ஆனா அங்க குளிரு தாங்காது, அம்மா முட்டிக்கு ஆகாது. அதுவுமில்லாம இந்த வீட்டை விட்டு வரமாட்டீங்கன்னு நானே நெனச்சுக்கிட்டு வேண்டாம்னு எழுதி வெச்சுட்டேன், இன்னும் குடுக்கல. நானும் கேட்டிருக்கணும்."

கமலவேணி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, பிரேக்கைத் தானே எடுத்துவிட்டாள்.

"பழைய முட்டிக்கில்ல குளிரு. நாளைக்கு வைக்கிறது இரும்பு, அதுக்கு ஏதுடி குளிரு? நீ தள்ளு, பெட்டு எங்கேன்னு பாப்போம்."